எப்வாலோ மதிப்புரை: பெட்டியில் வரும் டி செல்கள் எங்கே ஜெயிக்கின்றன, எங்கே வீணாகின்றன

எப்வாலோ பெட்டிக்குள் இருப்பவை உயிருள்ள டி செல்கள், அதாவது வைரஸ் ஏறிய செல்களைத் தேடி அழிக்கும் ஒருவகை வெள்ளையணுக்கள். நோயாளிக்கு முன்பின் தெரியாத, ஆரோக்கியமான ஒருவர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்து, எப்ஸ்டீன்-பார் வைரஸை மட்டும் அடையாளம் கண்டு தாக்கும்படி பழக்கி, உறையவைத்து, வங்கியில் அடுக்கி வைத்தவை. மருந்தின் பொதுப்பெயர் டேபெலெக்லூசெல். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் பிறந்த முறை இது. அட்டாரா நிறுவனம் வளர்த்தெடுத்தது, ஐரோப்பாவில் விற்பது பிரான்ஸின் பியர் ஃபாப்ர். முன்கூட்டியே தயாரித்து வங்கியில் வைத்த, வேறொருவரின் டி செல் மருந்துக்கு உலகில் கிடைத்த முதல் அனுமதி, 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குக் கொடுத்ததுதான்.

யாருக்கு? ஸ்டெம் செல் மாற்றோ உறுப்பு மாற்றோ செய்துகொண்டபின் எப்ஸ்டீன்-பார் வைரஸால், சுருக்கமாக ஈ.பி.வி.யால், நிணநீர்க் கட்டி வந்து, ஏற்கெனவே ஒரு சிகிச்சையாவது பலிக்காமல் போன பெரியவர்களுக்கும் 2 வயது நிரம்பிய குழந்தைகளுக்கும். உறுப்பு மாற்று நோயாளி என்றால், கொடுக்கவே கூடாத நிலை தவிர, கீமோவும் முயன்று பார்த்திருக்க வேண்டும்.

வியாதியின் கணக்கு எளிது. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் ஈ.பி.வி., பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களுக்குள் சும்மா உறங்கிக் கிடக்கிறது, டி செல்கள் காவல் இருப்பதால். மாற்று சிகிச்சைக்காக அந்தக் காவலைக் கலைத்துவிட்டால், குறிப்பாக ஏ.டி.ஜி. மாதிரியான மருந்து போட்டு டி செல்களைத் துடைத்துவிட்டால், முதல் சில மாதங்களில் வைரஸ் ஏறிய பி செல்கள் தறிகெட்டுப் பெருகும். முதல் மருந்து, பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப். பெரும்பாலோருக்கு அதுவே போதும். போதாதவர்களின் நிலைமைதான் கொடுமை: ஸ்டெம் செல் மாற்றுக்குப்பின் ரிட்டுக்சிமாபும் கைவிட்டால், சராசரி ஆயுள் ஒரு மாதத்துக்கும் குறைவு என்று பதிவேடுகள் சொல்கின்றன. எப்வாலோவை எடைபோட இந்தத் தராசை முதலில் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆர்டர் படிவத்திலேயே பாதி வேலை

வங்கியில் இருக்கும் ஒவ்வொரு செல் வரிசையும் வைரஸின் துண்டை ஒரு குறிப்பிட்ட எச்.எல்.ஏ. வகையின் (செல்லின் மேற்பரப்பில் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும் அடையாளப் புரதம்) மேல் வைத்துக் காட்டினால்தான் அடையாளம் காணும். அதனால் விதி இரண்டு. நோயாளிக்கும் செல் வரிசைக்கும் குறைந்தது இரண்டு எச்.எல்.ஏ. வகைகள் ஒத்துப்போக வேண்டும். அவற்றில் ஒன்றாவது அந்த டி செல்கள் வேலை செய்யும் வகையாக இருக்க வேண்டும். இரண்டாவதுதான் உயிர்நாடி. ஆறு வகை ஒத்துப்போய், வேலை செய்யும் அந்த ஒன்று ஒத்துப்போகாவிட்டால் அது வெறும் விலையுயர்ந்த உப்புநீர்.

அதிகம் சறுக்குவது இங்கேதான். ஸ்டெம் செல் மாற்று முடிந்தவரின் ரத்தத்தை எடுத்து எச்.எல்.ஏ. பார்த்தால் வருவது ஸ்டெம் செல் கொடுத்த கொடையாளரின் வகை. நோயாளியின் சொந்த வகை வேண்டுமென்றால் மாற்றுக்கு முன் எடுத்த பழைய ரிப்போர்ட்டைத் தேட வேண்டும், இல்லை கன்னத்தின் உள்புறத்தைப் பஞ்சால் தேய்த்து அனுப்ப வேண்டும். நோயாளியின் வகை, கொடையாளரின் வகை இரண்டுமே ஏன் தேவை? ஸ்டெம் செல் மாற்றுக்குப்பின் வரும் கட்டி பெரும்பாலும் கொடையாளரின் பி செல்லில் முளைக்கிறது. உறுப்பு மாற்றில் அது பெரும்பாலும் நோயாளியின் சொந்த பி செல். டி செல்கள் தாக்க வேண்டியது கட்டியை என்பதால், கட்டி யாருடையதோ அவருடைய எச்.எல்.ஏ.வில் அந்த வகை இருந்தாக வேண்டும். முழுப் பொருத்தமுள்ள கொடையாளர் என்றால் குழப்பம் இல்லை. அப்பாவோ பிள்ளையோ கொடுத்த பாதிப் பொருத்த மாற்று என்றால், இருவருக்கும் பொதுவான பாதியிலிருந்து தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு. படிவத்தில் இரண்டு வகைகளையும் தனித்தனியாக, யாருடையது எது என்று குறித்து அனுப்பாத மருத்துவமனை பிறகு வருத்தப்படும்.

பாரிஸ், ஜூரிக் பக்கம் இருக்கும் நம் மக்களுக்கு ஒரு தகவல். இப்படிப்பட்ட வங்கிகளில் எச்.எல்.ஏ. ஏ*02:01 வழியாக வேலை செய்யும் வரிசைகள் இருப்பது எதிர்பார்க்கக்கூடியதே, ஐரோப்பியரிடம் மிகப் பரவலான வகை அது. தெற்காசியர்களிடம் ஏ*11:01 பரவலாக உண்டு. ஏ*11:01 வழியாக ஈ.பி.வி.க்கு எழும் டி செல் எதிர்ப்பு பலமானது என்பது பல ஆண்டுகளாக ஆய்வகங்களில் தெரிந்த விஷயம். ஆகவே ‘ஆசியர் என்பதால் பொருத்தம் கிடைக்காது’ என்று ஆரம்பத்திலேயே கையை விரிக்கக் காரணமில்லை. நான்கு இலக்கம்வரை துல்லியமாகப் பார்த்த ரிப்போர்ட்டை அனுப்பிக் கேட்க வேண்டும்.

பெட்டி வந்ததும்

ஆவிநிலை நைட்ரஜன் நிரப்பிய கொள்கலனில் வரும். மைனஸ் 150 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்குமுன் வெப்பநிலைப் பதிவைத் திறந்து பார்க்க வேண்டும், நடுவழியில் ஏறி இறங்கியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். சாதாரண மைனஸ் 80 ஃப்ரீசரில் ‘நாளைவரைக்கும்தானே’ என்று வைப்பது செல்களைக் கொல்வதற்குச் சமம்.

அட்டைப்பெட்டிக்குள் 1 முதல் 6 குப்பிகள். ஒவ்வொன்றிலும் எடுக்கக்கூடியது 1 மி.லி. அந்த ஒரு மி.லி.யில் உயிருள்ள டி செல்கள் 2.8 கோடியிலிருந்து 7.3 கோடிவரை, தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். அதனால் போன வாரக் கணக்கை இந்த வாரம் காப்பியடிக்க முடியாது. டோஸ் கிலோவுக்கு 20 லட்சம் செல். 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கோடி. செறிவு குறைந்த தொகுப்பு என்றால் சுமார் 4.3 மி.லி., அதாவது ஐந்து குப்பி உருக்க வேண்டும். செறிவு மிகுந்த தொகுப்பில் 1.65 மி.லி.க்குள் முடிந்துவிடும், இரண்டு குப்பி போதும். பெட்டியோடு வரும் தொகுப்புத் தகவல் தாளில் இருக்கும் எண்ணை ஒருவர் படிக்க, இன்னொருவர் தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிடுவது நல்லது.

உருக்குவது 37 டிகிரியில். இரண்டரை நிமிடத்திலிருந்து பதினைந்து நிமிடம்வரை ஆகலாம். கடைசிப் பனித்துளி மறைந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். உறையவைக்கும்போது செல்லுக்குக் கவசமாக இருந்த டி.எம்.எஸ்.ஓ., உருகிய பிறகு அதே செல்லுக்கு விஷம், சூட்டில் இன்னும் மோசம். ஒரு மணி நேரத்துக்குள் நீர்க்க ஆரம்பித்து, உருக்கத் தொடங்கியதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் நோயாளிக்கு ஏற்றி முடித்தாக வேண்டும். எனவே முதலில் நோயாளியின் காய்ச்சலைப் பார்த்து, ஊசி பதிந்திருக்கும் நரம்பில் ஓட்டம் சரியா என்று உறுதி செய்து, டாக்டர் ‘சரி’ சொன்ன பிறகே ஆய்வகத்துக்குப் போன் போட வேண்டும். முறையைத் தலைகீழாகச் செய்யும் வார்டுகளில்தான் குப்பிகள் குப்பைக்குப் போகின்றன. மறுபடி உறையவைக்க வழியே இல்லை.

குப்பியைக் குலுக்கக் கூடாது. மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினால் லேசாகக் கலங்கிய திரவமாகச் சீராகும். கட்டி கட்டியாகத் தெரிந்து, கவிழ்த்தும் கரையாவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. பெரிய துளையுள்ள ஊசியால் மெதுவாக இழுக்க வேண்டும், அவசரப்பட்டு உறிஞ்சினால் செல்கள் கிழியும்.

அடுத்து வருவது இரத்த வங்கிப் பழக்கம் செய்யும் அநியாயம். மாற்று செய்துகொண்டவருக்குப் போகும் எல்லா ரத்தப் பையையும் கதிர்வீச்சில் காட்டிவிட்டு அனுப்புவது வங்கியின் வழக்கம், அதுவும் சரியான வழக்கம். அதே கையோடு எப்வாலோவையும் காட்டிவிட்டால் செல்கள் பெருகும் திறனை இழக்கும். வெள்ளையணு வடிகட்டும் ஃபில்டர் போட்ட குழாயில் ஏற்றினால் இன்னும் சுத்தம்: மருந்து முழுவதும் ஃபில்டரிலேயே தங்கிவிடும், நோயாளிக்குப் போவது வெறும் நீர். இரண்டையும் தடுக்க பையின்மேல் ‘கதிர்வீச்சு வேண்டாம், ஃபில்டர் வேண்டாம்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுவது போதும்.

ஏற்றுவதற்கு ஆவது 5 முதல் 10 நிமிடம். ஏற்றும் முன்பும், முடித்து 10 நிமிடத்துக்குள்ளும், தொடங்கி ஒரு மணி நேரத்திலும் நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல் பார்க்க வேண்டும். ஸ்டெம் செல் பை ஏற்றியபோது அறையெல்லாம் வீசிய அந்தப் பூண்டு வாடையை நினைத்துப் பயப்படும் நோயாளிகளிடம் தைரியமாகச் சொல்லலாம்: இங்கே போகும் டி.எம்.எஸ்.ஓ. மிகக் கொஞ்சம், வாடை வந்தாலும் லேசாகத்தான் வரும்.

சுற்று, ஸ்கேன், மாற்றுப் பெட்டி

ஒரு சுற்று 35 நாள். முதல் நாள், எட்டாம் நாள், பதினைந்தாம் நாள் என மூன்று ஊசி. சுமார் 28ஆம் நாள் ஸ்கேன். கட்டி முழுதாகப் போயிருந்தால் அதே வகையில் இன்னொரு சுற்று. அடுத்தடுத்து இரண்டு முறை முழுதாகப் போனது தெரிந்தால் நிறுத்திவிடலாம். பாதி குறைந்திருந்தாலும் அதே வகையில் தொடரலாம். அசையாமல் அப்படியே நின்றால் ஒருமுறை பொறுத்துப் பார்த்து, இரண்டாம் முறையும் அப்படியே என்றால் வேறு எச்.எல்.ஏ. வழியாக வேலை செய்யும் வரிசைக்கு மாற வேண்டும். வளர்ந்திருந்தால் உடனே மாற வேண்டும். இந்த மாற்றும் வசதிதான் எப்வாலோவின் பெரிய பலம். ஒரு சாவி திறக்கவில்லை என்றால் வேறு சாவியைப் போட்டுப் பார்க்கலாம், மற்ற செல் மருந்துகளில் பொதுவாக அந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை.

ரத்தத்தில் ஈ.பி.வி. அளவு பி.சி.ஆரில் இறங்கிவிட்டது என்று சந்தோஷப்படுவதில் ஒரு பொறி இருக்கிறது. ரிட்டுக்சிமாப் ஏற்கெனவே ரத்தத்திலிருக்கும் பி செல்களைத் துடைத்துவிட்டது, வைரஸ் குடியிருந்தது அவற்றில்தான். கட்டி வயிற்றில் வளர்ந்துகொண்டிருக்கும்போதே பி.சி.ஆர். பூஜ்யம் காட்டலாம். பெட் ஸ்கேன்தான் தீர்ப்பு. மறுபக்கம், முதல் இரண்டு வாரத்தில் நிணநீர்க் கணு வீங்கி வலித்தால் அது டி செல்கள் உள்ளே புகுந்து சண்டை போடுவதாலும் இருக்கலாம். தொண்டையிலோ குடலிலோ கட்டி இருப்பவருக்கு அந்த வீக்கமே மூச்சையோ குடலையோ அடைக்கும் என்பதால், அவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் வார்டில் வைத்துப் பார்ப்பது நல்லது.

எண்கள் என்ன சொல்கின்றன? அலீல் என்ற மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவு 2024 தொடக்கத்தில் வெளிவந்தது. 43 பேர், அவர்களில் 14 பேர் ஸ்டெம் செல் மாற்று செய்தவர்கள், 29 பேர் உறுப்பு மாற்று. 22 பேருக்குப் பலன், அதாவது 51 சதவீதம். ஸ்டெம் செல் பிரிவில் 14க்கு 7. பலன் தெரிய ஆன இடைநிலைக் காலம் ஒரு மாதம். பலன் கண்டவர்களில் ஓராண்டு உயிர்வாழ்வு 84 சதவீதம், காணாதவர்களில் 35. சைட்டோகைன் புயலோ (எதிர்ப்புச் சக்தி கட்டுமீறிக் கொதித்தெழுவது), மருந்தால் வந்ததாகக் கருதப்பட்ட ஜி.வி.எச்.டி.யோ (கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடம்பையே தாக்கும் நோய்), உறுப்பு நிராகரிப்போ பதிவாகவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க எதிர்க்குழு இல்லாத ஆய்வு என்பது குறைதான். ஆனால் வேறு வழி ஒரு மாதம்கூடத் தாங்காத இடத்தில் யாரை எதிர்க்குழுவில் போடுவது? 2025 ஜனவரியில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதியைத் தள்ளிப்போட்டபோது சுட்டிக்காட்டியது மருந்தின் பலனை அல்ல, வெளியார் உற்பத்தி ஆலையில் கண்ட குறைகளை.

வீணாகும் இடம்

ஸ்டீராய்டு. ஜி.வி.எச்.டி.க்காகக் கிலோவுக்கு 2 மி.கி. மெத்தில்பிரெட்னிசலோன் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு இந்தச் செல்களை ஏற்றுவதில் அர்த்தமில்லை, ஸ்டீராய்டு டி செல்களையே அடக்கிவிடும். பிரெட்னிசலோன் கணக்கில் கிலோவுக்கு 1 மி.கி. அல்லது அதற்குக் கீழே இறக்க முடிந்தபின் தொடங்குவதுதான் முறை. அதிலும் குறைத்தால் இன்னும் நல்லது. இரண்டாம் நிலை அல்லது அதற்கு மேற்பட்ட ஜி.வி.எச்.டி. இருந்தவர்களை அலீல் ஆய்வில் சேர்க்கவே இல்லை. இரண்டாவது எதிரி, டி செல்களைத் துடைக்கும் ஏ.டி.ஜி.யும் அதே வேலை செய்யும் அலெம்துசுமாபும். ரத்தத்தில் வாரக்கணக்கில் மிச்சமிருந்து, வந்திறங்கும் டி செல்களையும் சேர்த்து அழிக்கும். கடைசியாக எப்போது, எவ்வளவு கொடுத்தது என்று தேதியோடு பார்க்காமல் ஊசி நாளைக் குறிக்கக் கூடாது.

மூன்றாவது எதிரி தாமதம். ரிட்டுக்சிமாப் பலிக்கவில்லை என்று நான்கு டோஸும் முடிந்தபின் கண்டுபிடித்து, பிறகு எச்.எல்.ஏ. ரிப்போர்ட்டைத் தேடி, பிறகு பணத்துக்கு அனுமதி வாங்கி ஆர்டர் போட்டால், பெட்டி வந்து சேரும்போது நோயாளி ஐ.சி.யூ.வில் இருப்பார். முதல் டோஸ் ரிட்டுக்சிமாப் ஏற்றும் அன்றே இருவரின் எச்.எல்.ஏ.வையும் எடுத்து வங்கியில் பொருத்தம் உண்டா என்று கேட்டு வைத்துவிட வேண்டும். கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

வருமுன் காக்க இதே செல்கள் உதவாதா?

உதவும் என்று ஒருமுறை அழகாக நிரூபித்திருக்கிறார்கள். ஹெலன் ஹெஸ்லாப், கிளியோனா ரூனி குழு 2010இல் வெளியிட்ட கணக்கு: ஈ.பி.வி. டி செல்களை முன்கூட்டியே பெற்ற 101 பேரில் ஒருவருக்குக்கூடக் கட்டி வரவில்லை. கட்டி வந்தபின் பெற்ற 13 பேரில் 11 பேருக்கு முழுதாகக் கரைந்தது. எப்வாலோவைவிட மேலான எண்கள். காரணம் உண்டு: அவை அந்தந்த நோயாளியின் கொடையாளரிடமிருந்தே வளர்த்த செல்கள், உடம்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும். ஆனால் ஒவ்வொருவருக்கும் வாரக்கணக்கில் தனித்தனியே வளர்க்க வேண்டும். பெரும்பாலோருக்குக் கட்டி வரப்போவதே இல்லை என்னும்போது, வாராவாரம் பி.சி.ஆர். பார்த்து அளவு ஏறினால் ரிட்டுக்சிமாப் போடுவது மலிவு. அந்த வசதியின் முன் இந்த முறை நிற்க முடியவில்லை.

வங்கிச் செல்லால் ஒரே அடியில் ஆறு வைரஸ்களைத் தடுக்கப் பார்த்தது அல்லோவிர் நிறுவனத்தின் போசோலூசெல். அடினோ, பி.கே., சைட்டோமெகலோ, ஈ.பி.வி., ஹெச்.ஹெச்.வி.-6, ஜே.சி. இரண்டாம் கட்டத்தில் 26 பேரில் மூவருக்கு மட்டுமே கவனிக்கத்தக்க தொற்று என்று நம்பிக்கை ஊட்டியது. 2023 டிசம்பரில் மூன்றாம் கட்ட ஆய்வுகள் மூன்றும் ‘தொடர்ந்து பயனில்லை’ என்று நிறுத்தப்பட்டன. பாதுகாப்பில் பிரச்சினை இல்லை, பலன்தான் தெரியவில்லை. எங்கள் பார்வையில், அது மோதியது மாறிப்போன எதிராளியோடு: 2017இலிருந்து லெட்டெர்மோவிர் மாத்திரை சைட்டோமெகலோவை அடக்கி வைத்திருக்கிறது. ஆறில் பெரிய வைரஸை ஒரு மாத்திரை பார்த்துக்கொண்டால் மீதிக்காக ஏழு முறை செல் ஏற்றியதில் வித்தியாசம் காட்டுவது கடினம்.

தடுப்பில் இப்போது கவனிக்க வேண்டியது வேறு ரகம்: ஓர்க்கா-டி. இது வைரஸுக்கானது அல்ல, ஜி.வி.எச்.டி.யைத் தடுக்க. கொடையாளரின் செல்களைப் பிரித்து, ஸ்டெம் செல்லையும் சண்டையை அடக்கும் ஒழுங்காற்று டி செல்லையும் முதலில் ஏற்றி, அவை இடம்பிடிக்க இரண்டு நாள் கொடுத்து, பிறகுதான் சாதாரண டி செல்லை அளந்து விடுகிறார்கள். கூடவே, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மட்டும். 187 பேர் கொண்ட மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவு 2025இல் வந்தது: மிதமான அல்லது கடுமையான நாள்பட்ட ஜி.வி.எச்.டி. இல்லாமல் ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 78 சதவீதம், வழக்கமான முறையில் 38. மலைக்க வைக்கும் வித்தியாசம்தான். ஆனால் ‘வழக்கமான முறை’ என்று அவர்கள் எடுத்துக்கொண்டது டாக்ரோலிமஸும் மெத்தோட்ரெக்சேட்டும். இன்று பல மையங்கள் ஜி.வி.எச்.டி.யைத் தடுக்க மாற்றுக்குப்பின் சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து கொடுப்பதற்கு மாறிவிட்டன, அதன் விலையோ சொற்பம். சைக்ளோபாஸ்பமைடோடு நேருக்கு நேர் நிறுத்தாதவரை, ஓர்க்கா-டிக்கு முழு மதிப்பெண் போட மனம் வரவில்லை.

எப்வாலோ ஆர்டர் போடும் மையம் கையில் வைத்திருக்க வேண்டியவை இவ்வளவே: ஈ.பி.வி. இருப்பதைக் காட்டும் கட்டியின் பயாப்ஸி, நோயாளி, கொடையாளர் இருவரின் துல்லியமான எச்.எல்.ஏ., கட்டி யாருடைய செல் என்ற குறிப்பு, இன்றைய ஸ்டீராய்டு அளவு, கடைசி ஏ.டி.ஜி. தேதி, இன்று எடுத்த எடை. பயாப்ஸியில் ஈ.பி.வி. இல்லாத கட்டி என்றால் படிவத்தை நிரப்பவே வேண்டாம், இந்தச் செல்களுக்கு அங்கே தாக்குவதற்கு ஒன்றும் இல்லை.